கட்டில் இடிக்குமா? ஆயத்தொலைகளைக் கொண்டு அறையைத் திட்டமிடுவது

சிங்கப்பூரில் அடுக்குமாடி முகவரி எழுதும்போது #08-127 என்று இரண்டு எண்களைச் சேர்த்து எழுதுகிறோம். எட்டாவது மாடி, 127ஆம் எண் வீடு. புளோக் எதுவென்று தெரிந்துவிட்டால் தபால்காரருக்கு இந்த இரண்டு எண்கள் போதும். 8 என்று மட்டும் சொன்னால் மாடி முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னால் 127ஆவது மாடியைத் தேட வேண்டியதுதான்.

ஆயத்தொலை வடிவியலும் இப்படித்தான். உயர்நிலைப் பள்ளியில் கோஆர்டினேட் ஜியோமெட்ரி என்ற பெயரில் படித்திருப்பீர்கள். ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிக்க வேண்டும், எந்த எண் முதலில் வரும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். நம் முகவரியில் உயரம் முதலில் வருகிறது. கணிதத்தில் பக்கவாட்டுத் தூரம் முதலில் வரும். அதை எக்ஸ் என்கிறோம். நேர்த்திசைத் தூரம் அடுத்து வரும், அது ஒய். இரண்டும் சுழியாக இருக்கும் இடம் ஆதிப்புள்ளி. பிரெஞ்சுக் கணிதர் ரெனே டேக்கார்ட் 1637ல் இந்த வழிமுறையை அச்சில் கொண்டுவந்தார். அதனால்தான் கார்ட்டீசியன் என்ற பெயர். கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது, ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

தாளில் வரைந்து பார்த்தால் போதாதா, எண் எதற்கு? 1:50 அளவில் வரையும்போது அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள பென்சில் கோடு அறையில் 2.5 செ.மீ. ஆகிவிடுகிறது. நாலறை வீட்டின் சிறிய படுக்கையறையில் அலமாரிக் கதவு திறக்குமா திறக்காதா என்பதை முடிவு செய்வதே அந்த 2.5 செ.மீ.தான். படம் வரைவது நல்லது. இடத்தைக் கண்ணால் பார்க்க உதவும். தீர்ப்பை மட்டும் எண்ணிடம் விட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டுரையில் எல்லா அளவும் செ.மீ.யில். தளவரைபடத்தில் பெரும்பாலும் மி.மீ.யில் இருக்கும்: 3000 என்றால் 3 மீட்டர். அறைகலன் கடைக்குப் போகும்போது அங்குலமும் வந்து கலந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

அளப்பதில்தான் பாதி வேலை

அறைக்குள் நுழைந்து, கதவிருக்கும் சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் முதுகுப்பக்கத்து இடது மூலை ஆதிப்புள்ளி, அதாவது (0, 0). வலக்கைப் பக்கம் போகப்போக எக்ஸ் கூடும். முன்னால் நடக்க நடக்க ஒய் கூடும். எந்த மூலையை எடுத்தாலும் கணக்கு ஒத்துவரும், ஆனால் ஒரு முறை எடுத்ததை மாற்றக் கூடாது. வீட்டில் ஒருவர் சன்னல் மூலையிலிருந்தும் மற்றவர் கதவு மூலையிலிருந்தும் அளந்து வைத்தால் இரண்டு பட்டியலும் பயனற்றுப் போகும்.

சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங்கைக் கவனிக்க வேண்டும். அது சுவரைவிட ஏறத்தாழ 1 செ.மீ. துருத்தி நிற்கும். தரையில் நிற்கும் பொருள் முதலில் அதில்தான் முட்டும். ஆகவே கட்டில், பீரோ, மேசைக்கெல்லாம் ஸ்கர்ட்டிங்கின் முகத்திலிருந்து அளவெடுங்கள். சுவரில் மாட்டும் அலமாரிக்கு மட்டும் சுவரிலிருந்து. இதைக் கவனிக்காமல் சுவருக்குச் சுவர் 300 என்று எழுதி, சரியாக 300 நீளத்துக்கு அலமாரி செய்யச் சொன்னால் அது உள்ளே நுழையாது.

இன்னொரு தவறு துண்டு துண்டாக அளப்பது. மூலையிலிருந்து கதவு வரை 205, கதவு 80, கதவுக்கு அப்பால் 15 என்று மூன்று முறை டேப்பை எடுத்து வைத்தால், ஒவ்வொரு முறையும் அரை செ.மீ. பிசகினாலும் முடிவில் ஒன்றரை செ.மீ. போய்விடும். டேப்பின் நுனியை ஆதிப்புள்ளியில் பிடித்தபடி 205, 285, 300 என்று ஒரே இழுப்பில் படியுங்கள். ஆயத்தொலை என்பதே ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரம்தானே. டேப்பில் படிக்கும் எண்ணை அப்படியே பட்டியலில் எழுதிக்கொள்ளலாம்.

பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தரை ஓடுகள் 60×60. அதைப் பார்த்ததும் தரையே வரைபடத்தாள் ஆகிவிட்டது என்று மகிழ்ச்சி வரும். ஐந்து ஓடு என்றால் 300 என்று எண்ணிவிடாதீர்கள். ஓடுகளுக்கிடையே 2 மி.மீ. இடைவெளி இருந்தாலே ஐந்து ஓட்டில் 1 செ.மீ. கூடிவிடும். சுவரோரத்து ஓடு பெரும்பாலும் வெட்டிப் பதித்ததாக இருக்கும். ஓட்டை எண்ணுவது தோராயத்துக்கு நல்லது, வாங்கும் முடிவுக்கு ஆகாது.

சுவர்கள் செங்கோணத்தில்தான் நிற்கின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 90, மறு சுவரில் 120 குறித்து, இரண்டு குறிக்கும் இடையே அளந்தால் 150 வர வேண்டும். அறை காலியாக இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு: இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது. 300க்கு 310 அறையில் இரண்டும் 431.4 இருக்க வேண்டும் (300², 310² இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது). ஒன்று 434, மற்றது 429 என்று வந்தால் அறை சாய்ந்திருக்கிறது. எவ்வளவு? இரண்டு மூலைவிட்டங்களின் வர்க்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டை, அகலத்தின் நான்கு மடங்கால் வகுங்கள்.

(434² − 429²) ÷ (4 × 300) = 4315 ÷ 1200 = 3.6

எதிர்ச்சுவர் பக்கவாட்டில் 3.6 செ.மீ. நகர்ந்திருக்கிறது. அந்த மூலையில் பீரோவை ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் பல்லி குடியேறும் அளவுக்கு இடைவெளி விழும்.

ஒரு பொருள், நான்கு எண்கள்

மூலைகள் செங்கோணமான பொருளைச் சுவருக்கு இணையாக வைத்தால் அதன் இடத்தை நான்கு எண்கள் சொல்லிவிடும்: எக்ஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது.

நம் எடுத்துக்காட்டு அறையில் எக்ஸ் 0 முதல் 300 வரை, ஒய் 0 முதல் 310 வரை. கதவு ஒய் = 0 சுவரில், எக்ஸ் 205 முதல் 285 வரை. கீல் வலப்பக்கம், (285, 0)இல். உள்ளே திறந்து வலச்சுவரை ஒட்டி நிற்கும். குயின் மெத்தை இங்கே 152×190. மெத்தை அளவை மட்டும் வைத்துத் திட்டமிடுவது புது வீட்டுக்காரர்களின் வழக்கமான பிழை. கட்டில் சட்டமும் தலைமாட்டுப் பலகையும் சேர்ந்தால் 160×205 ஆகிவிடும். (கிங் மெத்தை 182×190. நீளம் ஒன்றே, அகலம் 30 கூடுதல்.) துணி அலமாரி 60 ஆழம், 180 நீளம், 45 அகலமுள்ள நான்கு கதவுகள்.

அலமாரியை இடச்சுவரில் வைப்போம்: எக்ஸ் 0–60, ஒய் 0–180. கட்டிலின் தலைமாட்டை வலச்சுவரில் வைத்துக் குறுக்கே போட்டால்: எக்ஸ் 95–300, ஒய் 125–285. இடிக்குமா?

விதி இது. இரண்டு செவ்வகங்களின் எக்ஸ் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், ஒய் எல்லைகளும் விழ வேண்டும். இரண்டும் நடந்தால்தான் மோதல். ஏதாவது ஒன்று விலகியிருந்தாலும் மோதல் இல்லை. இங்கே அலமாரி எக்ஸில் 60இல் முடிகிறது, கட்டில் 95இல் தொடங்குகிறது. மோதல் இல்லை, 35 செ.மீ. இடைவெளி.

பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுவார்கள். அலமாரி வந்து இறங்கிய பிறகுதான் அதன் கதவு திறக்கவில்லை என்பது தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு செவ்வகங்கள் எழுத வேண்டும்: அது நிற்கும் இடம் ஒன்று, அதைப் பயன்படுத்தத் தேவைப்படும் காலி இடம் இன்னொன்று. அலமாரி நிற்பது 60 வரை; கதவு திறந்தால் 105 வரை. புழங்கும் இடம் எக்ஸ் 60–105, ஒய் 0–180. கட்டிலின் எக்ஸ் 95இல் தொடங்குவதால் 95–105இல் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஒய்யில் 125–180இல் விழுகின்றன. இரண்டும் நடந்துவிட்டன. கடைசிக் கதவு கட்டிலின் கால்மாட்டில் முட்டி நிற்கும்.

கட்டிலைத் திருப்புவோம். தலைமாடு ஒய் = 310 சுவரில், வலச்சுவரை ஒட்டி: எக்ஸ் 140–300, ஒய் 105–310. கால் சுற்றுத் திருப்பத்தில் நீளமும் அகலமும் இடம் மாறுகின்றன, வேறொன்றும் மாறுவதில்லை. இப்போது அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையே 80. கதவு திறந்திருக்கும்போதும் 35 மிஞ்சும். இருவர் படுக்கும் கட்டில் என்றால் சுவர்ப்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்; அது எண்ணால் தீராத வழக்கு, வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

காலி இடத்துக்குச் சில அளவுகள். ஒருவர் நடக்க 60, அடிக்கடி போய்வரும் வழிக்கு 80 முதல் 90. சாப்பாட்டு மேசையிலிருந்து நாற்காலியை இழுத்து எழ 75. பின்னால் இன்னொருவர் தட்டோடு போக வேண்டுமென்றால் 100க்கு மேல். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 விட்டமுள்ள வட்டம். பெற்றோர் உடனிருக்கும் வீட்டில் இந்தக் கடைசி எண்ணை வரவேற்பறையில் ஓரிடத்திலாவது முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். சோபா வந்தபிறகு தேடினால் கிடைக்காது.

இதே நான்கெண் பட்டியலை வைத்து பிளக் பாயிண்டையும் பார்த்துவிடலாம். ஒரு பாயிண்ட் (175, 310)இல் இருந்தால், கட்டிலின் எக்ஸ் எல்லை 140–300க்குள் 175 விழுகிறது. ஆகவே அது தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். கைபேசி சார்ஜர் செருக ஒவ்வோர் இரவும் கட்டிலை இழுப்பதா என்பதை மின்வேலைக்கு ஆள் வரும் முன்பே யோசியுங்கள்.

கதவு வட்டமாகத் திரும்பும்

அறைக்கதவு துடைத்துச் செல்லும் பரப்பைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் இடம் வீணாகும். எடுத்துக்கொள்ளாமலே விட்டால் இடிக்கும். அது கால் வட்டம்: மையம் கீல் (285, 0), ஆரம் கதவின் அகலம் 80. ஒரு பொருளின் மிக அருகிலுள்ள மூலை கீலிலிருந்து 80க்கு மேல் தள்ளி இருந்தால் கதவு அதைத் தொடாது.

கட்டிலின் கால்மாட்டில் போர்வை வைக்க 40 ஆழமுள்ள நீளப் பெட்டி ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஒய் 65–105இல் நிற்கும். எக்ஸ் 140இல் தொடங்கி 120 நீளத்தில் வாங்கினால் 260 வரை. கதவுக்கு நெருங்கிய மூலை (260, 65). கீலிலிருந்து பக்கவாட்டில் 25, முன்னால் 65.

√(25² + 65²) = √4850 = 69.6

80க்கும் குறைவு, இடிக்கும். எவ்வளவு நீளம் வாங்கலாம்? கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 80² − 65² = 2175, அதன் வர்க்கமூலம் 46.6. மூலை கீலிலிருந்து பக்கவாட்டில் 46.6ஆவது தள்ளி நிற்க வேண்டும். அதாவது எக்ஸ் 238.4ஐத் தாண்டக் கூடாது. பெட்டியின் நீளம் 98 வரை. கதவின் தடிப்புக்கும் கைப்பிடிக்கும் 3 செ.மீ. கூட்டி ஆரத்தை 83 ஆக்கினால் 93தான் வருகிறது. கடையில் 90 கிடைக்கும், அதை வாங்குங்கள். பெட்டிக்கும் கதவுச் சுவருக்கும் இடையே 65 மிஞ்சுகிறது. ஒருவர் நடக்கலாம், துணிக்கூடையோடு நடந்தால் முழங்கை இடிக்கும்.

கதவைத் தாண்டி இன்னொரு வட்டம் தலைக்கு மேல் சுற்றுகிறது. மின்விசிறி அறையின் நடுவில் தொங்கும் என்றால், அந்த நடுப்புள்ளி எதிரெதிர் மூலைகளின் சராசரி: (150, 155). 46 அங்குல விசிறியின் விட்டம் 117, ஆரம் 58.5. கூரை உயரம் 260 உள்ள வீட்டில் விசிறி 30 தொங்கினால் இறக்கை 230இல் சுற்றும். அலமாரி 236 உயரம் என்றால்? இப்போது மூன்றாவது எண் வந்துவிட்டது, உயரம். அலமாரிக் கதவின் உச்சியும் இறக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

நான்காவது கதவின் கீல் (60, 180)இல். அங்கிருந்து விசிறி மையத்துக்குப் பக்கவாட்டில் 90, நேர்த்திசையில் 25. தூரம் √8725, அதாவது 93.4. கதவின் ஆரம் 45, விசிறியின் ஆரம் 58.5, இரண்டும் சேர்ந்து 103.5. மையங்களுக்கிடையே உள்ள தூரம் ஆரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. ஆகவே விசிறி ஓடும்போது அந்தக் கதவைத் திறந்தால் இறக்கை கதவில் அடிக்கும். மூன்றாவது கதவின் கீல் (60, 90). தூரம் 111, தப்பித்தது. நான்கில் ஒரே ஒரு கதவுதான் மாட்டுகிறது. கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது கடினம். வழிகள் மூன்று: நகர்த்தித் திறக்கும் கதவு போடலாம், அலமாரியை 220 உயரத்துக்குக் குறைக்கலாம், அல்லது 36 அங்குல விசிறி. மூன்றாவதில் கூட்டுத்தொகை 90.7தான் என்றாலும் மிச்சம் 3 செ.மீ.கூட இல்லை, அதை நம்பி வாங்குவது தைரியசாலிகளின் வேலை.

படுத்திருக்கும் அலமாரி எழுந்து நிற்குமா

தரையில் படுக்கவைத்துப் பாகங்களைப் பொருத்திய அலமாரியை நிமிர்த்தும்போது அதன் உயரம் மட்டும் கூரைக்குக் கீழே இருந்தால் போதாது. முழுதாக நிமிர்வதற்குச் சற்று முன் மூலைவிட்டம் செங்குத்தாக நிற்கும். அதுதான் மிக உயரமான கணம். 240 உயரம், 60 ஆழம் என்றால் மூலைவிட்டம் 247.4. 260 கூரையில் எழும். 250க்கு 257.1, தொட்டும் தொடாமலும் எழும். 255க்கு 262, எழாது. நிமிர்ந்து நின்றால் கூரைக்கு 5 செ.மீ. இடம் இருக்கும், ஆனால் நிமிர முடியாது. விளக்குக்காகப் போலிக்கூரை போட்டு உயரத்தை 240 ஆக்கிவிட்டால் 236×58 அலமாரியும் (மூலைவிட்டம் 243) எழாது. அப்படிப்பட்ட இடத்தில் நிற்கவைத்தபடியே பொருத்தக்கூடிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது போலிக்கூரை போடும் முன்பே அலமாரியை உள்ளே நிறுத்திவிட வேண்டும்.

சாமி மாடமும் சாய்வும்

சாமி மாடம் கிழக்கு பார்த்து இருக்க வேண்டும், கழிவறைக் கதவிலிருந்து தெரியக் கூடாது என்று பல வீடுகளில் விரும்புவார்கள். எல்லாக் கதவும் வரவேற்பறையைப் பார்த்தே திறக்கும் வீட்டில் இதைக் கண்ணளவில் தீர்ப்பது சிரமம். நேர்கோட்டின் சாய்வு இங்கே கைகொடுக்கிறது. (திசைக்குக் கைபேசியின் திசைகாட்டியை நம்பினால், அறையின் நடுவில் நின்று பாருங்கள். இரும்புக் கம்பி நிறைந்த சுவரருகிலும் லிஃப்ட் பக்கத்திலும் முள் தடுமாறும்.)

வரவேற்பறையில் எக்ஸ் கிழக்கு நோக்கிக் கூடுகிறது என்று கொள்வோம். விளக்குச் சுடர் மேற்குச் சுவரில் (0, 450)இல். எதிர்ச்சுவர் எக்ஸ் = 480இல், அதில் கழிவறைக் கதவு ஒய் 525 முதல் 595 வரை. சுடரிலிருந்து கதவின் ஒரு விளிம்புக்குப் போகும் கோடு 480 தூரத்தில் 75 ஏறுகிறது. மறு விளிம்புக்கு 145 ஏறுகிறது. இதுதான் சாய்வு: எவ்வளவு போனால் எவ்வளவு ஏறுகிறது என்பது. எக்ஸ் = 300இல் ஒரு தடுப்பு வைத்தால், முதல் கோடு அங்கே 450 + 75 × 300 ÷ 480 = 496.9இல் கடக்கும். இரண்டாவது 450 + 145 × 300 ÷ 480 = 540.6இல். ஆகவே 497 முதல் 541 வரை மறைத்தால் போதும். 45 செ.மீ. அகலத்தில் ஒரு மரத்தட்டி அல்லது உயரமான புத்தக அடுக்கு. அறைக்குக் குறுக்கே முழுத் தடுப்பு கட்டக் கொடுத்த விலைமதிப்பீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தடுப்பைச் சுடருக்கு நெருக்கமாக, எக்ஸ் = 100இல் வைத்தால் 466 முதல் 480 வரை, 15 செ.மீ.யே போதும். நெருங்க நெருங்கத் தடுப்பு சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் சுடருக்கு அருகில் மரத்தை வைக்காதீர்கள். தவிர, இந்தக் கணக்கு சுடர் என்ற ஒரு புள்ளிக்குத்தான். மாடம் முழுவதும் மறைய வேண்டுமென்றால் மாடத்தின் இரு ஓரங்களிலிருந்தும் கோடு போட்டு, கடக்கும் இடங்களில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எடுங்கள்.

வளைந்த அறையின் பரப்பு

வரவேற்பறையும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து எல் வடிவில் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். உள்ளே துருத்தும் மூலையில் பாம் ஷெல்டர் என்று எல்லாரும் சொல்லும் புகலிட அறை நிற்கும். அதன் சுவரை இடிக்கவோ எஃகுக் கதவை எடுக்கவோ அனுமதி இல்லை, ஆகவே அது வரைபடத்தில் அசையாப் பொருள். அதன் கதவு திறக்கும் வட்டத்தையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட அறையின் மூலைகளை வரிசையாகச் சுற்றி எழுதினால் பரப்பு கிடைத்துவிடும். மூலைகள்: (0, 0), (330, 0), (330, 360), (480, 360), (480, 600), (0, 600). அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை எடுத்து, முதலாவதின் எக்ஸை இரண்டாவதின் ஒய்யால் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவதின் எக்ஸ் பெருக்கல் முதலாவதின் ஒய்யைக் கழியுங்கள். கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்குத் திரும்பி வரும்வரை இதைச் செய்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்குங்கள்.

0 + 118800 − 54000 + 115200 + 288000 + 0 = 468000

பாதி 234000 சதுர செ.மீ., அதாவது 23.4 சதுர மீட்டர். இரண்டு செவ்வகமாக வெட்டியும் இதே விடையை எடுக்கலாம்தான். சுவர் சாய்வாக இருக்கும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். ஐந்தாவது மூலை (480, 600) அல்ல, (505, 600) என்று அளந்தால் தெரிகிறது என்று வையுங்கள். இரண்டு உறுப்புகள் மட்டும் மாறி விடை 23.7 ஆகிறது. தரை போடும்போது வெட்டுக்கழிவுக்குப் பத்து விழுக்காடு கூட்டுங்கள். 23.4க்கு 25.74. 60×60 ஓடு ஒன்று 0.36 சதுர மீட்டர், ஆக 72 ஓடுகள். உடைந்தால் பிறகு அதே நிறம் கிடைக்காது என்பதால் இன்னும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வைப்பார்கள்.

பரப்பை வைத்து அறைகலன் இடம் கொள்ளுமா என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். 23 சதுர மீட்டரில் 2 சதுர மீட்டர் சோபா தாராளமாக அடங்கும் என்று எண் சொல்லும். வாசலில் திரும்பாத சோபாவுக்கு உள்ளே எவ்வளவு பரப்பு இருந்து என்ன?

சோபா மூலையில் திரும்புமா

ஒரே அகலமுள்ள இரண்டு நடைவழிகள் செங்கோணத்தில் சந்திக்கும் மூலையில், 45 பாகையில் நிற்கும்போதுதான் பொருளுக்கு மிக நெருக்கடி. உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு நடைவழி அகலத்தின் 1.414 மடங்கு தூரம். அதிலிருந்து சோபாவின் ஆழத்தைக் கழித்து இரண்டால் பெருக்கினால், தூக்காமல் திருப்பக்கூடிய மிகப் பெரிய நீளம் கிடைக்கும்.

நடைவழி 120, சோபா ஆழம் 90 என்றால்: 2 × (169.7 − 90) = 159. ஆழம் 80 என்றால் 179. மூவர் உட்காரும் சோபா பெரும்பாலும் 200ஐத் தாண்டும், ஆகவே படுத்த நிலையில் திரும்பாது. ஒரு முனையை நட்டு நிறுத்தினால் தரையில் அது அடைக்கும் இடம் 90 ஆழம், 85 உயரம் என்ற சிறு செவ்வகம்தான், எளிதில் திரும்பும். ஆனால் அப்போது நீளம் உயரமாகிவிடும், லிஃப்ட் கதவின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். கால்களைக் கழற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள். 10 செ.மீ. காலைக் கழற்றினால் கிடைக்கும் இடம் பல சமயம் தீர்ப்பை மாற்றிவிடும். நடைவழியில் அண்டை வீட்டார் வைத்திருக்கும் செருப்பு அலமாரியையும் பூந்தொட்டியையும் கழித்தே அகலத்தை எடுங்கள்.

எல்லா எண்ணும் ஒத்துவந்த பிறகு, வாங்குவதற்கு முன், ஒவ்வொரு பொருளின் நான்கு மூலைகளையும் தரையில் குறித்து மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். புழங்கும் இடத்துக்கு வேறு நிறம். இரண்டு நாள் அந்தக் கோடுகளை மிதிக்காமல் நடந்து, அலமாரிக் கதவைத் திறப்பதுபோலக் கையை நீட்டி, துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் பசை ஓட்டில் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் ஒரு முறை. எண்ணெய் மிச்சமிருந்தால் கட்டில் தூக்கி வருபவர் வழுக்கி விழுவார்.